குதிக்க வேண்டியவள்

ஜூன் 4

சிட்டுவின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் நலமா? போன கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை, அதனால் கேட்கிறேன்.

சிட்டு போட்ட சட்டப்படி இது படத்தைப் பற்றிய கடிதம். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் கத்துகிறோம், நேரில் பார்த்தால் முதல் வார்த்தையிலேயே. "ரெண்டு பேரும் வாரத்துக்கு ஒரு படம் பாருங்க, அதைப் பத்தி மட்டும் லெட்டர் போடுங்க. தபால் வந்து சேர்றதுக்குள்ள கோபம் ஆறிடும்" என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். நீங்கள் தனி அறை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து அதுதான் நடக்கிறது. பத்தொன்பது வயதில் அவளுக்கு இருக்கிற மூளை நம் இருவருக்கும் சேர்த்துக்கூட இல்லை.

நீங்கள் பார்க்கச் சொன்ன பறக்கிறவன் படத்தைப் பார்த்தேன். அடேயப்பா! நாற்பதாவது மாடியிலிருந்து தலைகீழாக விழுகிறான், எழுந்து முடியைச் சரிசெய்துகொள்கிறான். எங்கள் எலும்பு வார்டில் ஒரு கணக்கு வாத்தியார் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, இன்னும் புரண்டு படுக்க முடியாமல் கிடக்கிறார். அவரிடம் இந்தப் படத்தைக் காட்டினால் என்னை அடிக்க வருவார், எழுந்திருக்க முடிந்தால். ஊரில் பாதியை இடித்துத் தள்ளுகிறார்கள், ஒரு ஆம்புலன்ஸ் வரவில்லை. அடிபட்டவர்களை யார் தூக்கினார்கள், எங்கே படுக்க வைத்தார்கள்? அதை யாரும் காட்ட மாட்டார்கள்.

பிடித்த இடம் ஒன்று உண்டு. எல்லாம் முடிந்து அறைக்கு வந்து கையுறையைக் கழற்றும்போது அவன் விரல் நடுங்குகிறதே, அது. அந்த ஒன்றுக்காகப் படத்தை மன்னித்தேன்.

சிட்டு சாயங்காலமானால் உடற்பயிற்சிக் கூடம் என்று ஓடுகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். வேறு செய்தி இல்லை.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா


ஜூன் 9

சிஸ்டரம்மாவுக்கு,

இருமல் நலம், உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது.

உன்னோடு படம் பார்ப்பதும் ஒன்று, டாக்டரோடு விருந்துக்குப் போவதும் ஒன்று. பறக்கிறவன் விழுந்தால் எலும்பு முறிய வேண்டும் என்கிறாயே, அப்புறம் அவன் எதற்குப் பறக்கிறான்? பார்க்கிறவன் அவன் தோளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். பாவம், விடேன். அந்த ஆள் விழவே இல்லை என்பது எனக்குத் தெரியும். என்னைப் போல் ஒரு ரோப்காரன் மேலே நின்று பிடித்திருக்கிறான். இடுப்பில் பெல்ட் கட்டி, கயிற்றில் இறக்கி, கடைசி ஒரு ஆள் உயரத்தில் நிறுத்த வேண்டும். அங்கே கை பிசகினால்தான் ஆள் உன் வார்டுக்கு வருவான்.

நான் இந்த வாரம் பார்த்தது ஒரு வாள்சண்டைப் படம். கதை கிடக்கட்டும், கிழிந்த துணி. ஆனால் ஒரு சமையலறையில் இரண்டு பெண்கள் போடுகிற சண்டை இருக்கிறதே! பாத்திரம், மணை, கொதிக்கிற தண்ணீர், எல்லாவற்றுக்கும் நடுவில், கேமரா வெட்டவே இல்லை. ஒரு அடிக்கு மூன்று வெட்டு வைத்தால், அடிக்கிறவனுக்கு அடிக்கத் தெரியவில்லை என்று பொருள். இங்கே முழு உடம்பும் தெரிகிறது. மூச்சு வாங்குவது தெரிகிறது. எழுந்து நின்று கைதட்டினேன், பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான்.

அடுத்த வாரம் நீ தேர்ந்தெடு. புதிதாக வந்திருக்கும் முகமூடிக்காரி படம் மட்டும் வேண்டாம். சுத்தக் குப்பை. நேரத்தை வீணாக்காதே.

கயிறு


ஜூன் 13

சிட்டுவின் அப்பாவுக்கு,

குப்பை, பார்க்காதே என்று நீங்கள் இதுவரை எந்தப் படத்தையும் சொன்னதில்லை. குப்பையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வீர்கள், சேர்ந்து திட்டலாம் என்று. அதனால் நேற்றே பார்த்துவிட்டேன்.

முகமூடிக்காரி படத்தைப் பற்றி என் கருத்து இது. கதாநாயகி பேசும்போது முகம் தெரிகிறது. அது ஒரு பெண். முகமூடி போட்டுக்கொண்டு ஓடும்போது வேறு பெண். கூரை விட்டுக் கூரை தாண்டுவதற்கு முன்னால் அந்த இரண்டாவது பெண் இடது மணிக்கட்டை இரண்டு முறை உதறிக்கொள்கிறாள். இறங்கியதும் வலது காலை ஒரு அரை அடி இழுத்து வைக்கிறாள். மூன்று வயதில் கட்டிலிலிருந்து குதிக்கும்போதும் அப்படித்தான் உதறினாள், அப்படித்தான் இழுத்து வைத்தாள். பெற்றவளுக்கு முகமூடி எந்த மூலைக்கு?

தியேட்டரில் என்னைச் சுற்றி எல்லாரும் விசில் அடித்தார்கள். நான் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ஒளிக்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது.

"ஆமாம்மா, நான்தான். டூப்பா போனேன். அப்பாதான் ரோப்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

எவ்வளவு நெஞ்சழுத்தம்! கேட்டால் அடுத்த படத்தில் இன்னும் பெரியதாம். ஆறு மாடிக் கட்டடத்தின் கைப்பிடிச் சுவரில் ஓடி, அங்கிருந்து தரைக்கு. ஒரே ஷாட், வெட்டு கிடையாது, ஒத்திகை நடந்துகொண்டிருக்கிறது என்று கண் பளபளக்கச் சொல்கிறாள்.

படப்பிடிப்பில் அடிபடுகிறவர்கள் எல்லாரும் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்களே ஸ்ட்ரெச்சரில் வந்துதான் எனக்கு அறிமுகம். அதற்குப் பிறகு இத்தனை வருஷமும் நடந்து வருவீர்களா, தூக்கி வருவார்களா என்று வாசலையே பார்த்துப் பார்த்துத்தான் நம் குடும்பம் இரண்டாகப் போனது. இப்போது அவளையும் அதே வாசலுக்கு இழுத்துவிட்டீர்கள்.

நிறுத்துங்கள். இது படத்தைப் பற்றிய கருத்து இல்லை. சட்டத்தை மீறிவிட்டேன், போகட்டும்.

சிட்டுவின் அம்மா


ஜூன் 17

அன்புள்ள சிஸ்டரம்மா,

திட்டியது போதாது, இன்னும் திட்டலாம். மறைத்தது தப்பு. உன்னிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மாடியிலிருந்து பயமில்லாமல் ஆளை இறக்குகிறவன், இந்தக் கடிதத்துக்கு நாலு தாளைக் கிழித்தேன்.

ஆனால் ஒன்று. அவளை நான் இழுக்கவில்லை. அவளே மாஸ்டரிடம் போய் நின்றாள். சண்டை மாஸ்டரைத் தெரியும் உனக்கு, சொந்தக்காரன் பிள்ளை என்று ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. மூன்று தடவை துரத்தினார். நாலாவது தடவை அவள் ஓடியதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "கயிறு, உன் பொண்ணு காத்துல கால் வைக்கிறாய்யா" என்றார். அன்று நான் ஒரு மூலையில் போய் நின்று அழுதேன். பெருமையில்தான்.

போன கடிதத்தில் எழுதினேனே, வெட்டு இல்லாத சண்டை. அப்படி ஒன்றை நம் பெண் செய்யப்போகிறாள். கம்ப்யூட்டரில் வரைந்து ஒட்டுகிற பறக்கிறவன் இல்லை. உடம்பு. அந்தக் குதியில் ஒரு நுணுக்கம்: கயிறு பிடிக்கிற அந்தக் கணத்தில் முழங்காலை மடக்க வேண்டும். முன்னால் மடக்கினாலும் ஆபத்து, பின்னால் மடக்கினாலும் ஆபத்து. உடம்புக்குப் பழக வேண்டும், மண்டைக்குச் சொன்னால் போதாது. மூன்று வாரமாக அவளுக்குத் தினமும் அதுதான் வேலை. தூங்கும்போது எழுப்பிக் குதிக்கச் சொன்னாலும் சரியாக மடக்குவாள்.

கயிறு என் கையில். பயப்படாதே.

கயிறு


ஜூன் 20

சிட்டுவின் அப்பாவுக்கு,

பயப்படாதே என்று எழுதுவதற்கு மை செலவுதான். நேற்று மூன்றாம் கட்டிலுக்கு ஒரு பையன், படப்பிடிப்பில் விழுந்து முதுகெலும்பு முறிவு. அவனையும் யாரோ பயப்படாதே என்று சொல்லித்தான் ஏற்றியிருப்பார்கள். நான் வீட்டுக்கு வந்து சிட்டு தூங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் கால் இரண்டும் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்து மூடிவிட்டேன்.

நேரடியாகக் கேட்கிறேன். பெல்ட் அவள் இடுப்புக்குச் சரியாக உட்காரவில்லை, நழுவுகிறது என்று மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கயிறு விஷயத்தில் உங்கள் பேச்சை அவர் தட்ட மாட்டார் என்று நீங்களே எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறீர்கள். அவர் வேறு பெண்ணை வைத்துக்கொள்ளட்டும். சண்டைக் கூட்டத்தில் பம்பரம் என்று ஒருத்தி இருக்கிறாளாமே, சிட்டு எப்போதும் புகழ்வாளே, சுற்றினால் நிற்கவே மாட்டாள் என்று. அவள் குதிக்கட்டும்.

பொய் சொல்லச் சொல்கிறேன். தெரிந்துதான் சொல்கிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நான் காக்கையாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

இதைச் செய்தால் நீங்கள் வீட்டுக்கு வரலாம். பழையதைப் பேச மாட்டேன். செய்யாவிட்டால் இதுதான் நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம், படத்தைப் பற்றியும் சரி, வேறு எதைப் பற்றியும் சரி.

சிட்டுவின் அம்மா


ஜூன் 24

சிஸ்டரம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

மாஸ்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை. "நீ சொன்னா சரிதான்யா" என்று திரும்பிப் பம்பரத்தைக் கூப்பிட்டார். அந்தப் பெண் சந்தோஷத்தில் அங்கேயே ஒரு சுற்று சுற்றினாள். பெரிய வாய்ப்பு இல்லையா! என் காலைத் தொட்டுக் கும்பிட வந்தாள். நான் பெல்ட் எடுக்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டேன்.

சிட்டு பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, என் முன்னால் நின்று, இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினாள். அது நழுவவில்லை. கழற்றி என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நாளை மறுநாள் ஷாட். தேதி தள்ளிப்போட முடியாது, கட்டடம் அன்று மட்டும்தான் கிடைக்கிறது. பம்பரத்துக்கு நாளைக் காலை ஒரு ஒத்திகைதான். அவள் சிட்டுவைவிட எடை குறைவு, நான் எல்லாவற்றையும் மாற்றிக் கட்ட வேண்டும்.

இந்த வாரம் படம் எதுவும் பார்க்கவில்லை.

கயிறு


ஜூன் 30

சிட்டுவின் அப்பாவுக்கு,

நீங்கள் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று எனக்குப் பகல் ஷிப்ட் இல்லை. மறுநாள் வார்டுக்குள் நுழைந்து சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. சன்னலோரக் கட்டில். இரண்டு குதிகாலும் நொறுங்கியிருக்கிறது. முழங்காலை மடக்கப் பிந்திவிட்டாள் என்று கூட்டத்துப் பையன்கள் சொன்னார்கள். பம்பரம் என்று நீங்கள் எல்லாரும் கூப்பிடுகிற அந்தப் பெண் இவ்வளவு சின்ன உருவமாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. படுக்கையில் பாதிகூட நிறையவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். நடப்பாள் என்கிறார். குதிப்பதைப் பற்றிக் கேட்டதற்குச் சீட்டைத் திருப்பிக்கொண்டே, "அதெல்லாம் இனிமே எதுக்கு சிஸ்டர்" என்றார்.

அவள் அழுது நான் பார்க்கவில்லை. போனில் படம் பார்க்கிறாள், நாள் முழுக்கச் சண்டைப் படம்தான். ஊசி போடப் போனால் திரையைக் காட்டி எனக்கு விளக்கம் சொல்கிறாள். "இதப் பாருங்க சிஸ்டர், இவன் அடி வாங்கறதுக்கு முன்னாடியே விழறான், ஏமாத்துக்காரன்." நேற்று ஒரு முகமூடிப் படம். கதாநாயகன் சுவரேறிக் குதிக்கிறான், எல்லாரும் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். "நிஜமா குதிச்சவன் பேரு கடைசில எழுத்தா ஓடும், அதுக்குள்ள எல்லாரும் எழுந்து போயிடுவாங்க" என்று சிரித்தாள். நான் ஊசியை எங்கே குத்துகிறேன் என்று தெரியாமல் குத்தினேன். பொறுத்துக்கொண்டாள்.

சிட்டு தினமும் வருகிறாள். அவளுக்குத் தலை வாரிவிடுகிறாள், ஊட்டிவிடுகிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. வீட்டிலும் அப்படித்தான். நான் எதிரே வந்தால் வேறு அறைக்குப் போகிறாள். பெல்ட் விஷயம் யார் வேலை என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊரான் பிள்ளையைத் தள்ளிவிட்டு என் பிள்ளையை வளர்க்கப் பார்த்தேன்.

இப்படியே இருக்க என்னால் முடியவில்லை. சனிக்கிழமை பார்வையாளர் நேரத்தில் வாருங்கள். இரண்டு பேராக நின்று பம்பரத்திடம் சொல்லிவிடுவோம்.

சிட்டுவின் அம்மா


ஜூன் 30

சிஸ்டரம்மாவுக்கு,

இன்று மாஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பெல்ட் நழுவவில்லை, என் பெண் குதிக்கக்கூடாது என்று நான்தான் பொய் சொன்னேன் என்றேன். உன் பேச்சை எடுக்கவில்லை. எதற்கு? கயிறு பிடித்தவன் நான், வாய் திறந்தவனும் நான்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "இனி உன் கயித்துல எவன்யா தொங்குவான்?" என்று மட்டும் கேட்டார். கயிற்றுப் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் கயிறு சரியில்லாமல் சரி என்று நான் சொன்னதில்லை. சரியாக இருந்ததைச் சரியில்லை என்று சொல்லலாம், அதில் யாருக்கும் சேதம் இல்லை என்று நினைத்துவிட்டேன். என்ன மடத்தனம்! பழகிய உடம்பை இறக்கிவிட்டுப் பழகாத உடம்பை ஏற்றியிருக்கிறேன். மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மடக்கு மடக்கு என்று கத்தினேன். அவளுக்குக் கேட்டிருக்காது.

சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

வீட்டுக்கு வரலாம் என்று எழுதியிருந்தாய். எவ்வளவு நாளாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன், உனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கூலியை வாங்கிக்கொண்டு என்னால் வாசற்படி ஏற முடியாது. மன்னித்துவிடு.

கயிறு


ஜூலை 5

உங்களுக்கு,

நம் கடிதங்கள் இரண்டும் வழியில் தாண்டிப் போயிருக்கின்றன. உங்களுடையது வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை பார்வையாளர் நேரம் முடிகிற மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வரவில்லை. என் கடிதம் உங்களுக்குக் கிடைத்ததா, கிடைத்தும் கால் வரவில்லையா, தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

என் பெயரை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது நல்லதற்கு என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அதனால் நானே சேர்த்துவிட்டேன்.

சிட்டு பக்கத்தில் உட்கார்ந்து பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் இருக்கும்போதே பம்பரத்திடம் சொன்னேன், மிச்சம் வைக்காமல். பெல்ட் நழுவுகிறது என்பது பொய், அப்படிச் சொல்லக் கேட்டது நான், அவர் இல்லை. உன் பெயரை எழுதிக் கொடுத்ததும் நான்தான், வீட்டுக்கு வரலாம் என்று ஆசை காட்டி அவரைச் சொல்ல வைத்ததும் நான்தான் என்றேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பம்பரம் போனில் ஓடிய படத்தை நிறுத்தினாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"எங்கம்மாவுக்கும் ஒரு ரோப்காரரைத் தெரிஞ்சிருந்தா, அவங்களும் இதைத்தான் கேட்டிருப்பாங்க சிஸ்டர். அவங்களுக்கு யாரையும் தெரியாது."

சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தாள், கால் வரவில்லை. நான்தான் பிடித்துத் திருப்பிவிட்டேன். என் கைதான் அவளுக்கு இருக்கிறது, என்ன செய்வாள்?

சிட்டு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நீ போம்மா, நான் இருக்கேன்" என்றாள். இத்தனை நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. போ என்றுதான் சொன்னாள், ஆனாலும் அம்மா என்று சொன்னாள். நேற்றிலிருந்து அவள் வீட்டுக்கு வரவில்லை. பம்பரத்தின் அறையைக் கூட்டிச் சுத்தம் செய்து, அவளை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளப் போவதாகப் பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். சரி என்று நினைத்துக்கொண்டேன்.

நாளை மறுநாள் பம்பரத்தின் அம்மா வருகிறார்கள். இரண்டு நாள் பயணமாம். மகள் படியில் வழுக்கி விழுந்ததாகத்தான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. பம்பரம் என்னைக் கூப்பிட்டு, "அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க சிஸ்டர், எனக்கு வாய் வராது" என்றாள். சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

எத்தனையோ அம்மாக்களிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன். கையைப் பிடித்து, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, என் பிழைப்பே அதுதான். இந்த அம்மாவின் கையை எப்படிப் பிடிப்பேன்?

கூலிக்கு வர வேண்டாம், நீங்கள் எழுதியது நியாயம். வீட்டுக்கும் வர வேண்டாம். தபாலை நம்பாமல் இதைக் கூட்டத்துப் பையன் கையில் கொடுத்தனுப்புகிறேன், செவ்வாய்க்கிழமை காலை வார்டுக்கு மட்டும் வாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

சிட்டுவின் அம்மா